முப்பது கிலோமீட்டர் வட்டம்

மறைமலைநகரைத் தாண்டியதும் பேருந்து தானாகவே இடதுபக்கம் ஒதுங்கி நின்றது. ஓட்டுநர் இல்லாத பேருந்து அது. உள்ளே நாற்பது பேர் இருந்தார்கள். காலை ஒன்பதரை மணி. முன்புறத் திரையில் சிவப்பு எழுத்துகள் ஓடின: ‘காப்பு எல்லையைக் கடக்க அனுமதி இல்லாத ஒருவர் இந்த வாகனத்தில் இருக்கிறார். அவர் இறங்கியபின் பயணம் தொடரும்.’

பயணிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“யாருங்க அது? தயவுசெஞ்சு இறங்கிடுங்க. எனக்கு பதினோரு மணிக்கு விழுப்புரம் கோர்ட்ல வாய்தா” என்றார் முன்வரிசையில் இருந்தவர்.

எப்சிபா ஒரு நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கூட்டத்தோடு கூட்டமாகப் போனால் ஒருவேளை விட்டுவிடும் என்று ஒரு நப்பாசை. காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் அரிசி மணி அளவில் இருந்த சிப் அப்படி எதையும் விட்டுவிடாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. பையை எடுத்துக்கொண்டு எழுந்தபோது பக்கத்து இருக்கைப் பெண், “நீங்களாம்மா? எதையோ திருடிட்டு ஓடுறவங்கன்னு நெனச்சேன்” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவள் இறங்கியதும் கதவு மூடிக்கொண்டது. பேருந்து திருச்சி சாலையில் போய்ச் சின்னதாகி மறைந்தது. பையில் அக்காவுக்காக வாங்கிய இரண்டு பருத்தி நைட்டிகளும், படுக்கைப் புண்ணுக்கான மருந்தும் இருந்தன. அக்கா இருந்தது பாளையங்கோட்டையில். இன்னும் ஐந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும்.

எப்சிபாவுக்கு வயது ஐம்பத்தேழு. பதினான்கு வருடங்களாக அவள் கிண்டியிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் போனதில்லை. அவள் குற்றவாளி அல்ல. ஒரு மெயின்ஃப்ரேம் கணினி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்த இரண்டு பேரில் ஒருத்தி. அவ்வளவுதான்.

கிண்டித் தொழிற்பேட்டையில் தென்மண்டல நீர்ப் பகிர்மான ஆணையத்தின் கட்டடம் இருந்தது. அதன் தரைத்தளத்துக் கூடத்தில் குளிர்சாதனப் பெட்டியைவிடச் சற்றே பெரிய, கறுப்பு நிறப் பெட்டி ஒன்று நின்றது. நாற்பத்தொரு அணைகளின் மதகுகளுக்கு எவ்வளவு திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்று தினமும் கட்டளை அனுப்புவது அதுதான். பெட்டி புதியது, ஐந்து தடவை மாற்றிவிட்டார்கள். உள்ளே ஓடிய நிரல் மட்டும் 1979இல், துளையிட்ட அட்டைகளில் எழுதப்பட்டது. புதுப் பெட்டி ஒவ்வொன்றும் பழைய நிரலை அப்படியே ஓட்டும்படி செய்யப்பட்டிருந்தது. எழுதியவர்கள் எல்லோரும் இறந்துபோயிருந்தார்கள்.

அந்த நிரல் எழுதப்பட்ட பழைய கணினி மொழிக்குக் கோபால் (COBOL) என்று பெயர். “அம்மா, இந்தக் கோபால் சாரை எல்லாரும் தேடுறாங்க, ஆளை நான் பார்த்ததே இல்லயே” என்று வாசல் காவலர் ஒருமுறை கேட்டது அலுவலகத்தில் ரொம்ப நாள் பேச்சாக இருந்தது.

நிரல் தெரிந்த இன்னொருவர் உமாபதி. ஐம்பத்தைந்து வயது, மனைவியை இழந்தவர், மாயவரத்துக்காரர். எப்சிபா பையோடு திரும்பி வந்ததைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் காபி கலந்துகொண்டு வந்து வைத்தார்.

“எது வரைக்கும் விட்டுச்சு மேடம்?”

“மறைமலைநகர்.”

“போன வருஷம் நான் திருவள்ளூர் பக்கம் போய்ப் பாத்தேன். ஆட்டோவே நின்னுடுச்சு. அக்காவுக்கு எப்படி இருக்காம்?”

“அக்கா மகன் பேசுனான். டாக்டர் பதினஞ்சு நாள்னு சொல்லியிருக்காராம்.”

உமாபதி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “திங்கட்கிழமை தேர்வு முடிஞ்சா உங்கள விட்டுடுவாங்க. நாலு நாள்தான். பல்லைக் கடிச்சுக்குங்க.”

அந்தத் தேர்வுதான் பதினான்கு வருடங்களில் முதல்முறையாகத் திறந்த கதவு. 2039இல் செங்காடு அணையில் விபத்து நடந்தபிறகு வந்த சட்டம், இந்த நிரலை அறிந்தவர்களைக் ‘காப்பாளர்’ என்று அறிவித்தது. எப்போதும் இரண்டு பேர் வேண்டும். இருவரும் எல்லையைத் தாண்டக் கூடாது. ராஜினாமா கிடையாது. ஆனால் சட்டத்தில் ஒரு வரி இருந்தது: வெளியாள் ஒருவர் படித்தே இயந்திரத்தைக் கையாளும்படி முழுமையான கையேடு ஒன்று உருவானால், மூத்த காப்பாளர் விடுவிக்கப்படலாம். அவர் இடத்தைக் கையேடே நிரப்பிவிடும் என்று அந்த ஒரு வரியை நம்பித்தான் இருவரும் உட்கார்ந்து எழுதினார்கள். ஆயிரத்து நூற்று நாற்பது பக்கம். எந்தப் பிழைச் செய்தி வந்தால் என்ன பொருள், எந்தக் கோப்பைத் தொடலாம், எதைத் தொடவே கூடாது, யார் எந்த வருடம் எதற்காக எந்த வரியை மாற்றினார்கள் என்று எல்லாம் இருந்தது.

திங்கட்கிழமை காலை தேர்வுக்கு வந்தவள் பெயர் நீலவேணி. முப்பத்தாறு வயது, எண்ணூர்ப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் கணினி ஆசிரியை. கையேட்டை மூன்று மாதங்களுக்கு முன்பே கொடுத்திருந்தார்கள். ஓரங்களில் எல்லாம் பென்சிலால் எழுதிக் கொண்டுவந்திருந்தாள்.

அடுத்த அறையிலிருந்து உமாபதி ஒரு கோளாறை தேர்வுக்கான நகல் கணினிக்குள் போடுவார். அதை நீலவேணி சரிசெய்ய வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, தேர்ச்சியா இல்லையா என்று கையெழுத்திடுவது எப்சிபாவின் வேலை.

“ஒண்ணு கேக்கலாமா மேடம்?” என்றாள் நீலவேணி, திரை உயிர்பெறுவதற்குக் காத்திருந்தபோது. “இத்தன வருஷத்துல இத தூக்கிப் போட்டுட்டு புதுசா எழுதியிருக்கக் கூடாதா?”

“எழுதுனாங்க. செங்காடு ஞாபகமிருக்கா?”

“நான் அப்ப காலேஜ். டிவில பாத்தேன்.”

“அதுதான் புதுசா எழுதுனது. ஒரு வருஷம் ஒழுங்கா ஓடுச்சு. ஒரு நாள் நடுவுல நின்னுச்சு. முதல்லேருந்து திருப்பி ஓட்டிட்டாங்க. ஏற்கெனவே அனுப்புன கட்டளைய மதகுக்கு ரெண்டாந்தடவ அனுப்பிடுச்சு. இருநூத்திப் பன்னெண்டு பேர்.”

“செயற்கை அறிவு வெச்சுப் படிக்கச் சொல்லலாமே?”

“படிச்சுதே. நாலு செயலி படிச்சுது. நாலும் நாலு விதமா அர்த்தம் சொல்லுச்சு. நிரல்ல பாதி மூல வடிவமே தொலைஞ்சுபோச்சும்மா. ஓடிக்கிட்டிருக்கு, அவ்வளவுதான். எது எதுக்காகன்னு எங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும். செங்காட்டுக்கப்புறம் பழசையே திருப்பிக் கொண்டுவந்து வெச்சு, எங்களையும் சேத்து வெச்சுட்டாங்க.”

நீலவேணி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். எதுவோ சொல்ல வந்தவள், திரையில் பச்சை எழுத்துகள் ஓடத் தொடங்கியதும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள்.

பத்தரை மணிக்குக் கோளாறு வந்தது. அன்றாட ஓட்டத்தின் ஏழாம் படியில் நிரல் நின்றுபோனது. நீலவேணி கையேட்டைப் புரட்டினாள். பதற்றத்தில் யாராக இருந்தாலும் முதலிலிருந்து ஓட்டிவிடுவார்கள். அவள் அப்படிச் செய்யவில்லை. எந்தெந்த மதகுக்குக் கட்டளை போய்விட்டது என்று முதலில் பட்டியல் எடுத்தாள். செங்காட்டின் மூன்றாம் மதகு அளவீட்டில் ஒரு குப்பை எழுத்து நுழைந்திருந்ததைக் கண்டுபிடித்து நீக்கினாள். பிறகு ஏழாம் படியிலிருந்து மட்டும் ஓட்டினாள். ஐந்து மணி நேரம் கொடுத்திருந்தார்கள். அவளுக்கு மூன்று மணி நேரமும் கொஞ்சமும்தான் ஆனது.

இடையில் தேநீர் குடித்தபோது மகளைப் பற்றிப் பேசினாள். “ஒன்பது வயசு மேடம். பெரிய மலையே பாத்ததில்ல. இந்த லீவுக்குக் கொடைக்கானல் கூட்டிட்டுப் போயே ஆகணும்னு ஒரே அடம்.”

எப்சிபா சிரித்தாள். அவள் மனம் ஏற்கெனவே நெல்லைக்குப் போகும் பேருந்தில் ஏறிவிட்டிருந்தது.

தேர்வு முடிந்ததும் முத்திரையிட்ட உறையைப் பிரித்தாள். உள்ளே முடிவுப் படிவம். மேலே ‘தேர்ச்சி / தேர்ச்சி இல்லை’. கீழே, அவள் இதுவரை பார்த்திராத மூன்று வரிகள்: ‘தேர்ச்சி பெறுபவர் இவ்வறிவை உடையவர் என மெய்ப்பிக்கப்படுவதால், அந்நேரம் முதல் காப்பாளராகக் கருதப்படுவார். எல்லை விதிகள் அவருக்குப் பொருந்தும். இதற்கு அவரது தனிச் சம்மதம் தேவையில்லை.’

எப்சிபா அதை இரண்டு முறை படித்தாள். பதினான்கு வருடங்களாக அவர்கள் எழுதிய புத்தகம் யாரையும் வெளியே விடுவதற்கில்லை. படித்துப் புரிந்துகொள்கிறவரை உள்ளே இழுத்துப் போடுவதற்குத்தான். எதிரே நீலவேணி பென்சிலைச் சீவி டப்பாவுக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

இவளுக்கு ஒன்றும் தெரியாது என்று எப்சிபா நினைத்தாள். தெரிந்தால் கொடைக்கானலைப் பற்றிப் பேசுவாளா? ஒரு கையெழுத்துப் போட்டால் நான் இன்றைக்கே அக்காவிடம் போகலாம். இந்தப் பெண்ணும் அந்தக் குழந்தையும் என் இடத்தில் இருப்பார்கள்.

கால் மணி நேரம் பேனாவைக் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு ‘தேர்ச்சி’ என்ற சொல்லை அடித்துவிட்டுக் கையெழுத்திட்டாள்.

“மன்னிச்சுக்கம்மா. ஒரு படி தவறிடுச்சு.”

நீலவேணி கையேட்டைத் திரும்பத் திறந்தாள். “எந்தப் படி மேடம்?”

“அதைச் சொல்ல விதி இல்ல.”

உமாபதியிடமும் அதையே சொன்னாள். “அடுத்த தேர்வுக்கு ரெண்டு வருஷம் ஆகுமே மேடம்” என்றார். அவ்வளவுதான். அன்று மாலை அக்காவுடன் வீடியோவில் பேசினாள். ஜெபமணி அக்காவுக்கு அறுபத்தாறு வயது. முகம் சுருங்கி, கண்கள் மட்டும் பெரிதாகத் தெரிந்தன.

“எப்பட்டி வார?”

“வந்துருதேன்க்கா. ஒரு சின்ன வேலை பாக்கியிருக்கு.”

“எப்பமும் இதத்தாம் சொல்லுத” என்று அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை நீலவேணி வாசலில் வந்து நின்றாள். காவலர் தடுத்தும் கேட்கவில்லை. எப்சிபா அவளை உணவுக்கூடத்துக்கு அழைத்துப்போய் உட்காரவைத்தாள்.

“நான் எதயும் தப்பா பண்ணல மேடம். வீட்டுக்குப் போய் ஒவ்வொரு படியா எழுதிப் பாத்தேன். உங்க புக்குல இருக்கிற மாதிரியேதான் பண்ணினேன். ஏன் ஃபெயில் போட்டீங்க?”

எப்சிபா சுற்றும் பார்த்தாள். யாரும் இல்லை. “நீ பாஸாயிட்டேன்னு போட்டிருந்தா இந்நேரம் உன் காதுக்குப் பின்னால ஒரு சிப் இருந்திருக்கும். உன் பொண்ணக் கொடைக்கானலுக்குக்கூடக் கூட்டிட்டுப் போக முடியாது. யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டாங்க. எனக்கே அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. என் அக்கா சாகக் கிடக்கா. போக முடியல. அந்த நிலைமை உனக்கு வேணாம்னுதான்...”

“எனக்குத் தெரியும் மேடம்” என்றாள் நீலவேணி.

“என்ன தெரியும்?”

“சட்டம் முழுசா படிச்சிட்டுத்தான் வந்தேன். பிரிவு பத்தொன்பது படிச்சிருக்கீங்களா?”

எப்சிபா படித்ததில்லை. தன்னைக் கட்டிப்போட்ட பிரிவுகளை மட்டுமே அவள் படித்திருந்தாள்.

“காப்பாளர் குடியிருக்கிற வீட்ட எந்தத் துறையும் காலி பண்ணக் கூடாது. அந்த வீட்டுக்கு ரோடு, கரன்ட்டு, தண்ணி நிறுத்தக் கூடாது. இதான் பத்தொன்பது. நாங்க சங்குக்குப்பம். கடல் உள்ள வருதுன்னு எங்கள எழுபது கிலோமீட்டர் தாண்டி, வயக்காட்டு நடுவுல கட்டி வெச்ச அடுக்குமாடிக்கு அனுப்புறாங்க. அலை இன்னும் கோயிலத் தாண்டல. கல்லு கொட்டுனா இருபது வருஷம் தாங்கும்னு இஞ்சினியரே எழுதிக் குடுத்துருக்காரு. கேக்க ஆளில்ல. நாப்பத்தியாறு வீடு. எங்கப்பா, என் தம்பி, எல்லாம் கடல்ல போறவங்க. அங்க போயி இன்னா பண்ணுவாங்க? தெருக்கோடியில என் வீடு. என் வீட்டுக்கு ரோடும் கரன்ட்டும் வரணும்னா மொத்தத் தெருவுக்கும் வந்துதான் ஆவணும். அதுக்குத்தான் மூணு மாசம் ராத்திரி பகல் படிச்சேன்.”

“உன் பொண்ணு... கொடைக்கானல்...”

“அவளுக்கு அத சொல்லிப் புரியவெக்கிறது என் கஷ்டம் மேடம். நீங்க யாரு அத எனக்காக முடிவு பண்றதுக்கு? ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல? நாளைக்குக் காலி பண்றாங்க. லாரி வந்து நிக்குது.”

எப்சிபா எழுந்து மாடிப்படியை நோக்கி நடந்தாள். தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தன்னைக் காப்பாளர் ஆக்கினார்கள் என்று பதினான்கு வருடங்களாக அவள் பொருமியிருக்கிறாள்.

இரண்டாவது மாடியில் அறிவுக் காப்பு அலுவலர் சம்பந்தம் இருந்தார். கெட்டவர் அல்ல, விதியை மட்டும் பார்ப்பவர். எப்சிபா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“அம்மா, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால நான் சொல்றதக் கேட்டுடுங்க. முடிவைத் திருத்தலாம். தேர்வுப் பதிவு எங்கிட்ட இருக்கு. அந்தப் பொண்ணு சரியாத்தான் பண்ணியிருக்குன்னு பாத்தாலே தெரிஞ்சிடும். இன்னிக்கே அவங்க காப்பாளர். ஆனா தெரிஞ்சே பொய் முடிவு குடுத்த காப்பாளருக்கு விடுதலை வரிசையில இடமில்ல. ஆயுசு முழுக்க.”

“அப்ப யார விடுவீங்க?”

“அடுத்த மூத்தவர். உமாபதி சார்.”

“எங்க அக்காவப் பாக்க ஒரு நாள்...”

“முடியாதும்மா. எனக்கு அதிகாரம் இருந்தா குடுத்துடுவேன்.” அவர் தலையைக் குனிந்துகொண்டார். “நீங்க பேசாம இருந்துட்டா, இத நான் கேக்கலன்னே வெச்சுக்கறேன். ரெண்டு வருஷத்துல அடுத்த தேர்வு வரும். அப்ப நீங்க போயிடலாம்.”

எப்சிபா ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். உணவுக்கூட வாசலில் நீலவேணி யாருடனோ கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தாள். பேசிக்கொண்டே சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“காகிதத்தைக் குடுங்க” என்றாள் எப்சிபா.

உமாபதிக்குச் செய்தி தெரிந்தபோது அவர் சந்தோஷப்படவில்லை. கோபப்பட்டார். பதினான்கு வருடங்களில் அவர் குரலை உயர்த்தி அவள் கேட்டதில்லை.

“நாலு நாள் எங்கூட ஒக்காந்து சாப்பிட்டீங்களே மேடம், ஒரு வார்த்த சொன்னீங்களா? நானும் இதே கூண்டுலதானே இருக்கேன்? என் விடுதலையயும் சேத்து நீங்களே வெச்சுக்கிட்டீங்க, இப்ப நீங்களே தூக்கிக் குடுக்குறீங்க.”

“தப்புதான் சார்.”

மறுநாள் காலை உமாபதியின் சிப்பை எடுத்தார்கள். காதுக்குப் பின்னால் சின்னப் பிளாஸ்திரியோடு வந்து மேசையைக் காலி செய்தார். ஒரு சட்டைப் பை நிறையப் பேனாக்களைத் தவிர எடுத்துப்போக அவருக்கு எதுவும் இல்லை. “வர்றேன்” என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார். மாயவரத்துக்குத்தான் போகிறார் என்று எப்சிபா நினைத்துக்கொண்டாள்.

அதே காலையில் சங்குக்குப்பத்தில் லாரிகள் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போயின. அதற்கு முந்தைய நாளே ஐந்து குடும்பங்கள் பயந்துபோய் ஏறிவிட்டிருந்தன. அவர்களைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். மற்ற வீடுகள் நின்றன. இரண்டு வாரத்துக்குள் ஆணையத்திலிருந்து ஒருவர் போய் நீலவேணியின் வீட்டுக்கு மட்டும் தனிக் கம்பி இழுக்க முடியுமா என்று அளந்து பார்த்தார். தெருவைச் சுற்றிக் கொண்டுபோக வேண்டும், தூண்கள் கடலில்தான் நடவேண்டும் என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்.

லாரிகள் திரும்பிப் போன மறுநாள், சனிக்கிழமை, நீலவேணி வேலைக்கு வந்தாள். காதுக்குப் பின்னால் தையல் போட்ட இடத்தை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இருவரும் வேலையைப் பற்றி மட்டும் பேசினார்கள். குளிருக்கு ஸ்வெட்டர் கொண்டுவரச் சொன்னாள் எப்சிபா. சரி மேடம் என்றாள் அவள்.

பிற்பகல் மூன்று மணிக்கு எப்சிபாவின் கைப்பேசி அடித்தது. உமாபதி.

“மேடம், முருகன்குறிச்சியிலேருந்து எந்தப் பக்கம் திரும்பணும்? சர்ச்சுக்குப் பின்னாடின்னு ஒருத்தர் சொல்றாரு. இங்க சர்ச்சு நெறைய இருக்கே.”

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது எழுந்து நின்றாள்.

“சார், நீங்க ஊருக்குப் போகலயா?”

“அங்க யாரு இருக்கா எனக்கு? நேத்தே பஸ் ஏறிட்டேன். மறைமலைநகர்ல ஒரு நிமிஷம் மூச்ச நிறுத்திட்டேன் மேடம். பஸ் நிக்கவே இல்ல.” சற்று நிறுத்தினார். “உங்க மேல கோவம் இன்னும் இருக்கு. அது வேற. வழி சொல்லுங்க.”

அவள் வழி சொன்னாள். வேப்பமரத்துச் சந்து, பச்சைக் கதவு, மாடிப்படிக்குக் கீழே செருப்பு விடும் இடம். இருபது நிமிடத்தில் திரையில் அக்காவின் முகம் வந்தது. உமாபதி கட்டிலருகே உட்கார்ந்து கைப்பேசியைப் பிடித்திருந்தார். அவருடைய இன்னொரு கை அக்காவின் கையைப் பற்றியிருந்தது.

“ஏட்டி, இவுக யாரு? நீ அனுப்புன ஆளாமே. வந்ததுலருந்து எங் கையப் பிடிச்சுக்கிட்டு இருக்காக. நைட்டி அளவு கேக்காக” என்றாள் ஜெபமணி அக்கா. குரல் மிகவும் மெலிந்திருந்தது. சிரிக்க முயன்றாள்.

“எங்கூட வேல பாத்தவுகக்கா.”

“நீ எப்பம் வார?”

அந்த நேரம் பார்த்துக் கூடத்திலிருந்து எச்சரிக்கை ஒலி கேட்டது. எப்சிபாவின் உடம்பு தானாகத் திரும்பியது. கதவருகே நீலவேணி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

“நீங்க பேசுங்க மேடம். அஞ்சாம் படிதான், நான் பாத்துக்கறேன்” என்று சொல்லி, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.

எப்சிபா திரையைப் பார்த்தாள். இந்த வாரம், அடுத்த வாரம், பண்டிகைக்கு, லீவு கிடைத்ததும் என்று எத்தனையோ பதில்கள் அவளிடம் பழகிப்போய் இருந்தன.

“நான் வர மாட்டேன்க்கா” என்றாள். “வர முடியாது. இனிமேயும் முடியாது.”

அக்கா கண்ணை மூடினாள். தூங்கிவிட்டாள் என்று உமாபதி கைப்பேசியைத் தாழ்த்தப் போனார். அதற்குள் அவள் உதடு அசைந்தது.

“இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் வாசலயே பாத்துக்கிட்டுக் கெடந்திருக்க மாட்டேம்லா.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “சரி, போட்டும். அங்க என்ன வேலதான் பாக்குத நீ? அதயாவது சொல்லு. பதினாலு வருசமா ஒண்ணும் சொன்னதில்ல.”

எப்சிபா நாற்காலியில் உட்கார்ந்தாள். கூடத்தில் எச்சரிக்கை ஒலி நின்றுபோயிருந்தது. தாமிரபரணிக்குத் தினமும் எவ்வளவு தண்ணீர் விட வேண்டும் என்பதைத் தான் எப்படிப் பார்க்கிறாள் என்று முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.